கணிதப் பெரியார் ஆய்லர்

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்கட்குச் செல்லுந்தோறும் எம் செவியில் விழும் சொல் ஒன்று உண்டு. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்பதே அது. தமிழ் வருகின்றது, சரித்திரம் வருகின்றது, பாட்டும் வருகின்றது. கணக்கு மட்டும் வரவில்லை. இதனைச் சொல்லும் தந்தையார் முகத்தில் வருத்தத்தைக் காட்டிலும் ஒருவகை அமைதியே மிகுதியாகத் தோன்றும். தமக்கும் வரவில்லை, தம் தந்தையார்க்கும் வரவில்லை. ஆகலின் பிள்ளைக்கும் வாராதிருத்தல் முறையே என்பது அவர் கருத்து. பெண் குழந்தையாயின் அவ்வமைதி இன்னும் பெரிது. மூக்கும் விழியும் போலக் கணிதமும் பிறப்பிலேயே வந்து அமைவது என்னும் எண்ணம் நம்மவரிடையே அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கின்றது.

அவரைக் குறைகூற யாம் தகுதியுடையோம் அல்லோம். தமிழ் கற்றுப் புலவர் பட்டம் பெற்றுப் பள்ளியிலே தமிழாசிரியராகக் காலங்கழித்து வருகின்றோம். சிறுவயதில் வாய்பாடு தவறியதற்காகப் பெற்ற அடிகளின் நினைவு, நாற்பது கடந்த இந்நாளினும் எம் உள்ளங்கையை விட்டு முற்றும் நீங்கிற்றில்லை. அத்தகைய யாம் ஒரு கணித வல்லாரின் வரலாற்றை எழுதப் புகுந்தது எங்ஙனம் எனின், அவர் தம் கலையைத் தம்மை ஒத்த பண்டிதர்க்கு மட்டும் அன்றி, ஓர் இளம்பெண்ணுக்கும் ஒரு தையற்காரர்க்கும் எடுத்துச் சொல்லி மகிழ்ந்தார் என்று அறிந்தமையால் என்க. லியோனார்டு ஆய்லர் என்பது அவர் பெயர்.

சுவிட்சர்லாந்து நாட்டிலே, இரைன் ஆற்றின் கரையில், பேசல் என்னும் பழைய நகரம் உளது. ஆய்லர் அந்நகரில் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பால் ஆய்லர் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபையின் குருமார்களுள் ஒருவர்; தாயாரும் குருமார் குடும்பத்திற் பிறந்தவரே. மகன் பிறந்த சிறிது காலத்திற்குள் அவர்கள் அருகிலுள்ள ரீயன் என்னும் சிற்றூரிற் குடியேறினர். தந்தையார் தம் இளமையில் யாக்கோபு பெர்னூலி என்னும் கணித வல்லாரிடம் பாடங் கேட்டவர். ஆதலால் மகனுக்கு முதன்முதல் எண்ணறிவு புகட்டியவரும் அவரே ஆயினார். பின்னர்ப் பேசல் நகரத்துப் பள்ளியிற் சேர்த்தபோது, அப்பள்ளியிற் கணிதம் என்பதே கற்பிக்கப்படவில்லை! உலகம் கண்ட கணித வல்லாருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் ஒருவர் பயின்ற பள்ளியின் நிலை இது. பெற்றோர் தனியாசிரியர் ஒருவரை வைத்து அக்குறையை நீக்கினர்.

பதின்மூன்றாம் வயதில், 1720-இல், ஆய்லர் பேசல் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே யாக்கோபின் தம்பியாராகிய யோகான் பெர்னூலி கணிதப் பேராசிரியராய் விளங்கினார். சிறுவன் அவரை அணுகித் தனக்குத் தனியே பாடஞ் சொல்லுமாறு வேண்டினான். அவர்க்கு நேரமில்லை, மறுத்துவிட்டார். ஆனால் மறுத்ததோடு நில்லாது, அரிய நூல்கள் சிலவற்றைக் குறித்துக் கொடுத்துத் தானே படிக்கும்படியும், விளங்காத இடங்களைச் சனிக்கிழமைதோறும் பிற்பகலில் வந்து கேட்கும்படியும் பணித்தார். சிறுவனோ ஆசிரியரை மிகுதியாகத் தொந்தரவு செய்ய நாணி, வாரம் முழுதும் தானே முயன்று, தீராத ஐயங்களை மட்டும் கொண்டு சென்றான். ஓர் ஐயம் நீங்கியவுடன் அதனைச் சார்ந்த பல ஐயங்கள் தாமே அகன்றன என்று பிற்காலத்தில் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். இருபது ஆண்டுக்கு மேலாகப் பிள்ளைகளோடு பழகிய எமக்கு, நாள்தோறும் நாம் ஓயாது பேசும் பேச்சினும் அந்தச் சனிக்கிழமைப் பிற்பகல்கள் பயனுடையனவாகத் தோன்றுகின்றன.

பெர்னூலி குடும்பத்தாரில் மூன்று தலைமுறைக்குக் கணித வல்லார் பலர் தோன்றினர். கணிதம் குலவழி வருவது என்பார்க்கு இது நல்ல சான்றாகத் தோன்றும். ஆயின் அக்குடும்பத்து வீட்டிலே தினந்தோறும் பேசப்பட்ட பொருள் யாது என்று எண்ணிப் பார்த்தால் விடை எளிதில் விளங்கும். உழவர் வீட்டுப் பிள்ளை மழைக்குறி அறிவதும் வணிகர் வீட்டுப் பிள்ளை விலை அறிவதும் எவ்வாறோ, அவ்வாறே அதுவும்.

மகனைத் தம்மைப் போலவே குருவாக்க வேண்டும் என்பது தந்தையார் விருப்பம். மகனும் இறைநூலும் எபிரேய, கிரேக்க மொழிகளும் பயின்றார். பெர்னூலி இடைப்புகுந்து பேசியதன்மேல் தந்தையார் இசைந்தார். ஆயினும் சமயப் பற்று ஆய்லரை இறுதிவரை நீங்கியதில்லை.

1727-இல் பேசல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியப் பதவிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. அவ்வாண்டிலேயே ருஷிய நாட்டுத் தலைநகராயிருந்த ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று, பேரரசர் பீட்டர் நிறுவிய விஞ்ஞானக் கழகத்திற் சேர்ந்தார். தம் ஆசிரியரின் புதல்வரும் தம் நண்பருமாகிய டேனியல் பெர்னூலி அங்கே இருந்தார். 1733-இல் டேனியல் தாய்நாடு திரும்பவே, கணிதப் பேராசிரியர் பதவி ஆய்லர்க்கு வந்தது. மறு ஆண்டில் ஓவியர் ஒருவரின் மகளாகிய கதரீனா கிசெல் என்னும் நங்கையை மணந்தார். பதின்மூன்று மக்கள் பிறந்தனர். ஐவரே எஞ்சி வளர்ந்தனர். மடியில் ஒரு குழவியும் காலடியில் பிற மக்களும் விளையாடிக்கொண்டிருக்க, அந்த ஆரவாரத்தின் நடுவிலேயே அவர் அரிய நூல்களை எழுதுவார் என்பர். அமைதி இல்லையேல் எழுத இயலாது என்று வீட்டாரைக் கடிந்துகொள்ளும் எம்போன்றோர் நாணத்தக்க செய்தி.

1738-இல் நோயினால் வலக்கண் ஒளியிழந்தது. அவ்வாண்டிலே அவர் வெளியிட்ட நூல் ஒன்றைக் கணித வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒரு வரியிற் கடந்து செல்வர். எமக்கோ அது பெரிதாகத் தோன்றுகின்றது. அது பள்ளிச் சிறுவர்க்கான எண்கணிதப் பாடநூல். கழகத்தைச் சார்ந்த பள்ளியின் பயன் கருதி 1738-இலும் 1740-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் எவ்வாறு செய்வது என்பதோடு, ஏன் அவ்வாறு செய்கின்றோம் என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும் என்பது அந்நூலின் கொள்கை. அதற்கு மூன்றாண்டு முன்னர்த்தான், 1735-இல், அவர் பெயர் ஐரோப்பா எங்கும் பரவியிருந்தது. ஒன்று, நாலில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினாறில் ஒன்று என இவ்வாறு வர்க்க எண்களின் பின்னங்களை முடிவின்றிக் கூட்டிக்கொண்டே சென்றால் எந்த எண்ணை அணுகும் என்னும் வினா நெடுங்காலம் வல்லாரை மயக்கியது. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கே அக்கூட்டுத்தொகை என்று ஆய்லர் கண்டார். வட்டமே இல்லாத கணக்கில் வட்டம் எங்கிருந்து வந்தது என்று படித்தோர் வியந்தனர். அத்தகைய புகழ் பெற்றவர், அடுத்துச் சிறுவர்க்குக் கூட்டல் கற்பிக்கும் நூல் எழுத உட்கார்ந்தார்!

இனி, எம்மை அவர்பால் ஈர்த்த செய்தியைச் சொல்வோம். அக்காலத்துப் பிரஷ்ய நாட்டிலே, பிரெகல் என்னும் ஆற்றின் இரு கரையிலுமாகக் கேனிக்ஸ்பர்க் என்னும் நகரம் இருந்தது. இன்று அது காலினின்கிராட் என்னும் பெயருடன் ருஷிய நாட்டைச் சேர்ந்துள்ளது. ஆற்றின் நடுவே ஒரு தீவு. தீவைக் கடந்து ஆறு இரண்டாகப் பிரிய, இடையில் மற்றொரு நிலப்பகுதி. இவ்வாறு இரு கரைகளும் தீவும் இடைநிலமும் ஆகிய நான்கு இடங்களை ஏழு பாலங்கள் இணைத்தன. எந்தப் பாலத்தையும் இருமுறை மிதியாமல், ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை கடந்து உலாவி வர இயலுமா என்பது அந்நகர மக்களிடையே வழங்கிய விளையாட்டு வினா. எவரும் சென்று காட்டவில்லை. இயலாது என்று எவரும் நிறுவவும் இல்லை.

இது 1735-இல் ஆய்லர் கைக்கு வந்தது. எண்ணும் அளவும் சிறிதும் இல்லாத இவ்வினாவை அவர் அற்பம் என்று தள்ளினாரில்லை. அவர் விடையை, வாய்பாடு மறந்தவரும் விளங்கிக்கொள்ளலாம். ஓர் இடத்தினுள் ஒரு பாலத்தின் வழியாக நுழைபவர் வேறொரு பாலத்தின் வழியாக வெளியேறுதல் வேண்டும். நுழைய ஒன்று, வெளியேற ஒன்று. ஆகவே இடையில் வந்துபோகும் ஒவ்வோரிடத்திலும் பாலங்கள் இரட்டைப்படையாக இருத்தல் வேண்டும். புறப்படும் இடமும் வந்து முடியும் இடமும் மட்டுமே ஒற்றைப்படையாக இருக்கலாம். கேனிக்ஸ்பர்க் நகரிலோ தீவிற்கு ஐந்து பாலங்கள், ஏனைய மூன்று இடங்கட்கும் மும்மூன்று பாலங்கள். நான்கும் ஒற்றைப்படை. ஆகவே அவ்வாறு உலாவி வருதல் எவராலும் என்றும் இயலாது. ஒருவரும் நடந்து பாராமலே, வீட்டில் அமர்ந்தபடி, முடியாது என்பது முடிந்த முடிபாயிற்று!

இதனைப் படித்த சில நாட்களில், கணித ஆசிரியர் ஒருவர் விடுப்பிற் சென்றமையால் அவர் வகுப்பை ஒரு மணிநேரம் காக்கும் கடமை எமக்கு வாய்த்தது. கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து, அதன் மூலைகளைக் குறுக்குக் கோடுகள் இரண்டால் இணைத்து, கோலை எடாமலும் போன கோட்டில் மீண்டும் போகாமலும் இதனை வரைமின் என்றோம். வகுப்பு முழுதும் முயன்று தோற்றது. பின் அச்சதுரத்தின் தலைமேல் முக்கோணக் கூரை ஒன்றை ஏற்றி வரையச் சொன்னோம். கோடுகள் மிகுந்தமையால் இது இன்னும் கடினம் என்று அனைவரும் கருதினர். ஒரு சிலர்க்கு வந்தது, ஒரு சிலர்க்கு வரவில்லை. கணக்கில் எப்போதும் கடைசியாக நிற்கும் சிறுமி ஒருத்தி நெடுநேரம் பேசாதிருந்து, பின் எழுந்து, கீழ் மூலையில் தொடங்கினால் வருகின்றது, மேல் மூலையில் தொடங்கினால் வருவதில்லை என்று சொன்னாள். காரணம் கேட்டோம். மூலைதோறும் கூடும் கோடுகளை எண்ணினாள்: கீழ் மூலை இரண்டிலும் மும்மூன்று, மேல் மூலை இரண்டிலும் நந்நான்கு, கூரை முகட்டில் இரண்டு. கூரையில்லாத சதுரத்திலோ நான்கு மூலையிலும் மும்மூன்று. சொல்லிக்கொண்டே வந்தவள் இடையில் நின்று சிரித்துவிட்டாள். அச்சிரிப்பு எதனால் வந்தது என்பதை யாம் அறிவோம். எமக்கும் சில நாள் முன்னர் அதுவே நேர்ந்தது. அன்பர்கள் தம் மக்களோடு இவ்விரு படங்களையும் ஒருமுறை வரைந்து பார்ப்பாராக. நம் மகளிர் வாயிலில் இடும் சிக்குக் கோலத்தில், இழைகள் வெட்டிக்கொள்ளும் இடந்தோறும் நான்கு முனைகள் கூடுவதையும் நோக்குவாராக.

1741-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் அழைக்க, ஆய்லர் பெர்லின் நகர் சென்று அங்கே இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். நாணயம், கால்வாய், சீட்டுக் குலுக்கு, பீரங்கி எனப் பல துறையிலும் மன்னர்க்கு உதவினார். மன்னரோ பிரெஞ்சு நாட்டுச் சொல்நயத்தில் மயங்கியவர். எளிய உடையும் இறைப்பற்றும் அடங்கிய பேச்சும் உடைய ஆய்லர் அவர்க்குச் சுவைக்கவில்லை. ஒற்றைக்கண் உடையவர் என்று எள்ளி நகையாடவும் செய்தார். உடற்குறையைச் சொல்லிச் சிரித்தல் மன்னர்க்கும் அழகன்று. அது நிற்க.

பிரஷ்ய அரசகுடும்பத்தின் கிளையாகிய பிராண்டன்பர்க்-ஷ்வெட் குடும்பத்தில் பிரெடரிகா சார்லோட் என்னும் இளம்பெண் இருந்தார்; 1745-இற் பிறந்தவர். அவர்க்கும் அவர் தங்கையார்க்கும் பாடஞ் சொல்லும் பொறுப்பு ஆய்லர்க்கு வந்தது. அப்போது ஏழாண்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. அவர்கள் பெர்லினை விட்டு மக்டெபர்க் நகரிலே தங்கவேண்டியதாயிற்று. நேரிற் சென்று வடிவகணிதம் சொல்லித்தர இயலாத நிலையில், ஆய்லர் கடிதம் எழுதத் தொடங்கினார். 1760-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 1762-ஆம் ஆண்டு மே வரை எழுதியவை 234 கடிதங்கள். ஐம்பது வயது கடந்த ஒரு பேரறிஞர், பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வாரந்தோறும் எழுதினார்!

முதற் கடிதம் ஓர் அடி என்னும் நீளத்தில் தொடங்குகின்றது. அடியிலிருந்து மைலுக்கும், மைலிலிருந்து பெர்லினுக்கும் மக்டெபர்க்கிற்கும் இடைப்பட்ட தொலைவுக்கும் செல்கின்றது. அத்தொலைவு அப்பெண் வண்டியில் அமர்ந்து தானே கடந்த தொலைவு அன்றோ! அங்கிருந்து பூமியின் அளவு, திங்களின் தொலைவு, ஞாயிற்றின் தொலைவு, விண்மீன்கள் என்று விரிகின்றது. அறிந்த பொருளின் கையைப் பிடித்து அறியாத பொருளிடம் அழைத்துச் செல்லும் இம்முறையைத் தெரிந்தே அவர் கையாண்டார். அடுத்து வேகம், பின் ஒலி, பின் இசை. ஒரு தந்தி ஒருமுறை அதிர்வதற்குள் மற்றொரு தந்தி இருமுறை அதிர்ந்தால் மேல் ஸ்தாயி பிறக்கும். இரண்டுக்கு மூன்று என்னும் அளவில் அதிர்ந்தால், நம் இசையில் ஷட்ஜ பஞ்சமம் எனப்படும் இணக்கம் பிறக்கும். இவ்வெண்களின் ஒழுங்கை உள்ளம் உணர்வதே இசையின்பத்திற்கு ஒரு காரணம் என்பது அவர் கருத்து. 1739-இல் அவர் எழுதிய இசைநூல், இசைவாணர்க்குக் கணிதம் மிகுந்தும் கணிதர்க்கு இசை மிகுந்தும் இருந்தமையால் இரு சாராரும் விரும்பிற்றிலர் என்பர். கடிதங்களில் அப்பொருளே இனிதாகிவிட்டது. எழுதப்பட்டது ஒரு பெண்ணின் பொருட்டு ஆதலின்.

வானம் நீலமாகத் தோன்றுவது ஏன், உயர்ந்த மலைமேல் குளிர் இருப்பது ஏன், கடலில் ஏற்றவற்றம் உண்டாவது எவ்வாறு, காந்த ஊசி வடக்கு நோக்குவது எவ்வாறு, தொலைநோக்கியின் கண்ணாடிகள் செய்யும் தொழில் யாது என்று கடிதங்கள் தொடர்கின்றன. தருக்க நூலைச் சொல்லுமிடத்தில் அவர் வட்டங்களை வரைகின்றார். கிளிகள் எல்லாம் பறவைகள் எனின், பறவை என்னும் பெரிய வட்டத்தினுள் கிளி என்னும் சிறிய வட்டம் முழுதும் அடங்கும். பறவைகளுட் சில நீந்துவன எனின், அவ்விரு வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டும். நியாயம் பயில்வோர் பக்கம் பக்கமாக நெட்டுருச் செய்யும் விதிகள் கண்ணுக்குமுன் வட்டங்களாக நிற்கின்றன. ஆய்லர் வட்டங்கள் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது.

இக்கடிதங்கள் முழுதும் குற்றமற்றன என்று யாம் சொல்லவில்லை. வேறு தத்துவ அறிஞருடன் அவர் நிகழ்த்தும் வாதப் பகுதி நீண்டு சலிப்பூட்டுகின்றது. ஒளியைத் தாங்குவதாக அவர் கொண்ட ஈதர் என்னும் நுண்பொருள் இருபதாம் நூற்றாண்டிற் கைவிடப்பட்டது. ஆயினும் கடிதங்கள் 1768 முதல் 1772 வரை மூன்று தொகுதிகளாக அச்சேறியதும், பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு வீடுதோறும் படிக்கப்பட்டன. 1795-இல் ஹென்றி ஹண்டர் என்பார் ஆங்கிலத்திற் பெயர்த்தார். அவற்றைப் பெற்ற நங்கை பிற்காலத்தில் ஹெர்போர்டு என்னும் கன்னிமாடத்தின் தலைவியாக விளங்கினார். பெண் பிள்ளைக்கு இவ்வளவு எதற்கு என்று ஆய்லர் ஓரிடத்தும் சுருக்கிக்கொள்ளவில்லை, எளிதாக்கினாரேயன்றிக் குறைத்தாரில்லை. இவ்விரண்டற்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியத் தொழிலில் இருப்போர் நன்கு அறிவர்.

1766-இல் பேரரசி இரண்டாம் காதரின் அழைப்பை ஏற்று, ஆய்லர் தம் குடும்பத்துடன் மீண்டும் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தார். சேர்ந்த சிறிது காலத்தில், எஞ்சியிருந்த இடக்கண்ணையும் புரை மூடியது. 1771-இல் செய்த சிகிச்சையால் சில நாள் ஒளி வந்தது. பின் நோய் முற்றி அதுவும் போயிற்று. எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்று வழங்கும் நாட்டில் பிறந்த நாம், கண் இரண்டும் போன பின்னர் எண்ணையும் எழுத்தையும் விடாது பற்றிய இவரை எவ்வாறு போற்றுவது!

பார்வை மங்கிய அந்நாளில் அவர் எழுதத் தொடங்கியது இயற்கணித நூல். நம் முன்னோர் அட்சர கணிதம் என வழங்கியது அது. எழுதக் கண் இல்லை. ஆகவே சொல்ல ஒருவர் எழுதுதல் வேண்டும். அப்பணிக்கு அவர் அமர்த்திக்கொண்டவர் பெர்லினிலிருந்து அழைத்துவந்த இளைஞர் ஒருவர், தொழிலால் தையற்காரர், கணிதம் என்பதே அறியாதவர், கூர்த்த அறிவினர் என்று சொல்லத்தக்கவரும் அல்லர். கழகத்தில் வல்லார் பலர் இருந்தனர், மாணவரும் இருந்தனர். அவ்வாறிருந்தும் இவரை வைத்துக்கொண்டு ஆய்லர் வாய்மொழியாகச் சொல்லிவந்தார். ஓர் இடம் எழுதுபவர்க்கு விளங்கவில்லையேல், அவ்விடத்தைத் திருத்தவேண்டியது நூலே என்று கண்டுகொள்ளலாம் அன்றோ? துணியை அளந்து வெட்டிய கைகள் எழுத்தெண்களை எழுதின. நூல் முடிவதற்குள் அத்தையற்காரர், தாம் எழுதியது அனைத்தையும் விளங்கிக்கொண்டு, கடினமான கணக்குகளையும் தாமே செய்து முடிக்கும் ஆற்றல் பெற்றார் என்று அந்நூலின் முன்னுரை கூறுகின்றது.

கணக்கு எங்கள் வழியில் இல்லை என்று சொல்லும் அன்பர்க்கு யாம் காட்ட விழைவது இத்தையற்காரரையே. பெர்னூலி குடும்பத்தில் அவர் பிறந்தாரில்லை. சிறுவயதிற் பயிலவும் இல்லை. பெற்றது சொல்லத் தெரிந்த ஓர் ஆசிரியரை மட்டுமே.

அந்நூல் ருஷிய மொழியில் 1768, 1769-ஆம் ஆண்டுகளிலும் ஜெர்மானிய மொழியில் 1770-இலும் வெளிவந்தது. எண் என்பது யாது என்னும் முதற் படியிலிருந்து தொடங்கி, வல்லாரும் கால் இடறும் உயர்ந்த இடம் வரை படிப்படியாக ஏறுகின்றது. இடையிடையே கதைபோன்ற கணக்குகள் வருகின்றன. அவற்றுள் ஒன்றை எம் மொழியிற் சொல்வோம். சந்தைக்குச் சென்ற மகளிர் இருவரிடம் முட்டைகள் மொத்தம் நூறு இருந்தன. இருவரும் வேறு வேறு எண்ணிக்கை கொண்டுவந்து வேறு வேறு விலைக்கு விற்றனர். ஆயினும் பெற்ற காசு ஒன்றே. முதலாமவள், உன் முட்டைகளை என் விலைக்கு விற்றிருந்தால் 15 காசு பெற்றிருப்பேன் என்றாள். மற்றவள், உன் முட்டைகளை என் விலைக்கு விற்றிருந்தால் எனக்கு ஆறே முக்காலினும் சற்றுக் குறைய, அதாவது 6-உம் மூன்றில் இரண்டு பங்கும்தான் கிடைத்திருக்கும் என்றாள். ஆளுக்கு எத்தனை முட்டை? முயன்று பார்க்க விழைவோர் இவ்விடத்தே நிற்க.

விடை நாற்பதும் அறுபதும். முதலாமவள் முட்டை நான்கு ஒரு காசுக்கு விற்றாள். நாற்பதிற்குப் பத்துக் காசு. மற்றவள் ஆறு ஒரு காசுக்கு விற்றாள்; அறுபதிற்கும் அதே பத்துக் காசு. எம் இல்லத்தில் இக்கணக்கை இரவு உணவின்போது சொன்னோம். எம் மனைவியார் எழுத்துக்கணிதம் ஏதும் இன்றி, விலைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தே, யாம் கைகழுவி வருவதற்குள் விடை கூறினர். எமக்கு முதல்நாள் அரைமணி நேரம் பிடித்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

1771-இல் நகரில் மூண்ட பெருந்தீ ஆய்லரின் இல்லத்தையும் பற்றிக்கொண்டது. கண்ணில்லாத முதியவர் உள்ளே சிக்கினார். பீட்டர் கிரிம் என்னும் பேசல் நகரத்துக் கைத்தொழிலாளர் நெருப்பினுட் புகுந்து, அவரைத் தோளிற் சுமந்துவந்து காத்தார். கையெழுத்துப் படிகளுட் பெரும்பகுதி தப்பியது. இரண்டாண்டில் மனைவியார் காலமானார். சில ஆண்டுகட்குப்பின் அவ்வம்மையாரின் மாற்றாந்தாய் வயிற்றுத் தங்கையாரை மணந்துகொண்டார். துயரங்கள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலத்திலேதான் அவர் எழுத்துப்பணி முன்னினும் பெருகியது. தம் மக்களும் மாணவரும் எழுத, உள்ளத்திலேயே கணக்கிட்டுச் சொல்லிவந்தார். அவர் நூல்களும் கட்டுரைகளும் 850-க்கு மேற்பட்டன என்று எண்ணியுள்ளனர். முழுத் தொகுப்பை அச்சிடும் பணி 1911-இல் தொடங்கி, எண்பதுக்கு மேற்பட்ட பெருந்தொகுதிகளாக விரிந்தது. வர்ஜில் என்னும் இலத்தீன் புலவரின் பெருங்காப்பியம் முழுதும் அவர்க்கு மனப்பாடம். இளமையிற் பயின்ற ஏட்டில் எந்தப் பக்கம் எந்த அடியில் தொடங்கி எந்த அடியில் முடியும் என்பதையும் சொல்வார். தமிழ் கற்றோர் இதனைக் கேட்டு மகிழ்வர். நம் புலவர் மரபினர்க்கு இது புதிதன்று.

ஒரு பெரிய கற்பலகையும் சுண்ணக்கட்டியும் அவர் அறையில் எப்போதும் இருக்கும். தெளிவின்றியேனும் ஓரளவு உருவந்தெரியும் வண்ணம், அதன்மேல் மிகப் பெரிய எழுத்துகளாக எழுதுவார்.

1783-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டிலே மாண்ட்கோல்பியர் உடன்பிறந்தார் இருவர் வெப்பக் காற்றடைத்த கூண்டை வானிற் பறக்கவிட்டனர். உலகெங்கும் அதுவே பேச்சாயிற்று. எழுபத்தாறு வயது முதியவரும் ஒரு சிறுவனைப்போல் அதில் ஈடுபட்டு, அக்கூண்டு எவ்வளவு உயரம் எவ்வளவு விரைவாக எழும் என்று கணிக்கத் தொடங்கினார். செப்டம்பர் மாதம் 18-ஆம் நாள், பேரப்பிள்ளைக்குக் கணக்குப் பாடம் சொன்னார். கூண்டின் கணக்கைப் பலகையில் எழுதினார். உணவு கொண்டபின், இரண்டாண்டுக்குமுன் ஹெர்ஷல் கண்ட புதிய கோளாகிய யுரேனசின் பாதையைக் குறித்துத் தம் மாணவருடன் உரையாடினார். மாலையில் பேரக் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்தபோது மூளையில் குருதிக்குழாய் வெடித்து நினைவிழந்தார். அன்றிரவே உயிர் நீங்கிற்று.

மூத்த மகனார் அப்பலகையிற் கண்டவாறே பறக்கும் கூண்டின் கணக்கைப் படியெடுத்துப் பாரிசு நகரத்து விஞ்ஞானக் கழகத்திற்கு அனுப்பினார். இறந்தபின் அவர் கற்பலகையிற் காணப்பட்டது என்னும் குறிப்புடனேயே அக்கழகத்தார் அதனை அச்சிட்டனர்.